விழும்போதே விழித்த ஈக்கள்

பேக்கரிப் பணிசுக்கு மேலே ஒட்டியிருக்கும் எள்ளை யாரோ கையால் தூவுகிறார்கள் என்றுதான் அன்ரனெற் வெகுகாலம் நினைத்திருந்தாள். கனடாவில் மார்க்கம் என்ற நகரில் ஒரு சின்னப் பக்டரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான், அதற்கென்றே ஒரு இயந்திரம் இருப்பதும், அதைச் செய்து விற்று ஒரு முதலாளியும் இருபது தொழிலாளரும் சீவிக்கலாம் என்பதும் தெரியவந்தது. மேலே ஒரு புனல். அதன் கீழே நடுங்கிக்கொண்டே இருக்கும் ஒரு தட்டு. தட்டின் ஓரத்திலிருந்து தூறல்போல ஒரே சீராக விழும் எள்ளு. அந்தத் தட்டுகளைப் பூட்டி, நடுக்கம் கூடாமல் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவதுதான் அவளுடைய வேலை.

மன்னாரில் பேசாலையில் பிறந்தவள். சண்டைக் காலத்தில் குடும்பத்தோடு ஓடி, மடு மாதா கோயில் வளவில் கூடாரத்தில் இருந்தாள். அங்கே குழந்தைகளின் கண்ணிலும் வாயிலும் புண்ணிலும் ஈ மொய்த்தது. கடைசித் தம்பி வயிற்றோட்டத்தில் இறந்தது அந்தக் கூடாரத்தில்தான். பிறகு கொழும்பு, பிறகு ஸ்காபரோ, அங்கே எட்வேட்டோடு கலியாணம், பிறகு வீட்டு விலை கொஞ்சம் மலிவென்று அஜக்ஸ். எட்வேட் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். மகள் ஸ்டெபனி ஒட்டாவாவில் படிக்கிறாள். கோடைகாலத்தில் அன்ரனெற்றின் வீட்டுக்குள் ஒரு ஈ நுழைந்தால், அது செத்தாலொழிய அங்கே சமையல் நடக்காது என்பது சொந்தக்காரர் எல்லாருக்கும் தெரிந்த பகிடி.

அப்படிப்பட்டவளிடம் ஒருநாள் எஞ்சினியர் மிதுனன் வந்து நின்றான். ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்து, இப்போது ஸ்ரௌவ்வில்லில் புதுவீடு வாங்கியிருப்பவன்.

"அன்ரி, புது ஓடர் ஒண்டு வந்திருக்கு. எள்ளில்லை. சிரிக்கக்கூடாது."

"சொல்லும்."

"ஈ. உயிரோட இருக்கிற ஈ. பிளேனில இருந்து தூவ வேணும்."

அன்ரனெற் சிரிக்கவில்லை. கையிலிருந்த திருகாணியை மேசையில் வைத்தாள். "கொல்லுறதுக்கு வழி கேட்டால் சொல்லுவன். தூவுறதுக்கோ?"

"கொல்லுறதுக்குத்தான் தூவுறது."

மிதுனன் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து சொல்லத் தொடங்கினான். இது வீட்டு ஈ இல்லை. செட்சி என்று பெயர். ஆபிரிக்காவின் ஆற்றோரப் பத்தைகளில் இருப்பது. ஆணும் பெண்ணும் இரத்தம் குடித்தே வாழும். அது கடித்தால் மாட்டுக்கு ஒரு வருத்தம் வரும்; மாடு மெலிந்து மெலிந்து விழுந்து சாகும். மனிதருக்கும் வரும். நித்திரை வருத்தம் என்று அதற்குப் பெயர்; மூளைக்கு ஏறினால் ஆளைக் கொண்டுபோய்விடும்.

"அப்ப மருந்தை அடியுங்கோவன்" என்றாள் அன்ரனெற்.

"அடிக்கினம்தான். சின்னப் பிளேனில பதியப் பறந்து, பனிப்புகார் மாதிரி அடிக்கிறது. நூறு ஈ இருந்தால் தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது முடிஞ்சிடும். மிச்சம் ஒண்டு எங்கேயோ ஒரு பத்தையுக்கை இருக்கும். அந்த ஒண்டுக்காக முழுக் காட்டுக்கும் திரும்ப அடிக்க வேணும். விட்டால் சில வருசத்தில பழையபடி பெருகியிடும். அந்த மிச்சத்தைத் தேடிக் கண்டுபிடிக்கக்கூடிய ஆள் ஒராள்தான், அன்ரி. ஆண் ஈ."

மிதுனன் இந்த இடத்தில் கொஞ்சம் நெளிந்தான். தாய் வயதுக்காரியிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தவன்போல மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "லாப்பில லட்சக்கணக்கில ஆண் ஈயை வளர்த்து, கதிர்வீச்சுக் குடுக்கிறது. அதுக்குப் பிறகு அதால பிள்ளை குடுக்கேலாது. ஆனால் ஆசை மட்டும் போகாது. பெண் செட்சி அநேகமாய் ஒருக்கால்தான் சேரும். எங்கட ஆளோட சேர்ந்திட்டுதெண்டால், அவ்வளவுதான். அதுக்குப் பிள்ளையே இல்லை."

"அப்ப ஏன் மருந்து? நேர ஆணை விட்டால் முடிஞ்சுதே."

"இல்லை அன்ரி. காட்டு ஆண் ஒண்டுக்கு எங்கட ஆண் குறைஞ்சது பத்து வேணும். காடு நிறைய ஈ இருக்கேக்கை அதுக்கு எங்க போறது? முதல் மருந்தால குறைக்க வேணும். நிறைய இருக்கேக்கை மருந்து கெட்டி. கொஞ்சம் இருக்கேக்கை இவங்கள் கெட்டி. ரெண்டும் சேர்ந்தால்தான் அலுவல் முடியும்."

மருந்து கண்டுபிடிக்காததை மாப்பிள்ளை கண்டுபிடிப்பான் என்ற அந்த யோசனை அன்ரனெற்றுக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துவிட்டது. "உதை ஆர் யோசிச்சது?" என்று மட்டும் கேட்டாள்.

இரண்டு கிழமை கழித்து, திட்டத்தை நடத்தும் ஆய்வாளர் டொக்டர் வஞ்சிரு கிழக்கு ஆபிரிக்காவிலிருந்து வீடியோவில் வந்தார். பக்டரியின் சாப்பாட்டு அறையில், மைக்ரோவேவுக்குப் பக்கத்துத் தொலைக்காட்சியில், முதலாளி ரினோவும் மிதுனனும் அன்ரனெற்றும் பார்த்திருந்தார்கள். வஞ்சிரு ஐம்பதை எட்டிய, ஆறுதலாகக் கதைக்கிற பெண். தன் ஆய்வுகூடத்தில் வளரும் ஈக்களைக் காட்டினார். இளைப்பாறும்போது அவை இரண்டு சிறகையும் மூடிய கத்தரிக்கோல்போல ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து வைத்திருந்தன. பிறகு கமெராவைத் தனியாக இருந்த ஒரு ஈக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"இது ஒரு தாய்" என்றார். "கொஞ்சம் பொறுங்கள்."

ஈயின் வயிறு புடைத்திருந்தது. அது இறுகித் தளர்ந்தது, மறுபடி இறுகியது. மெல்ல மெல்ல வெளிறிய நிறத்தில் ஒரு புழு வெளியே வந்தது. முழுவதும் வந்து கிடந்தபோது அது தாயைவிடச் சிறியதாகத் தெரியவில்லை. தாய் ஒட்டிய வயிற்றோடு அதன் பக்கத்தில் நின்றது.

செட்சி மற்ற ஈக்களைப்போல நூறு நூறாக முட்டையிடுவதில்லை என்று வஞ்சிரு சொன்னார். ஒரே ஒரு முட்டை. அது வயிற்றுக்குள்ளேயே பொரிக்கும். தாய் உள்ளுக்குள்ளேயே ஒரு பாலைச் சுரந்து அந்தப் புழுவை ஊட்டி வளர்க்கும். வளர்ந்து முடிந்ததும் பெறும். பெற்றதும் அடுத்ததைச் சுமக்கும். வாழ்நாள் முழுவதும் பெற்றாலும் பத்துத் தேறுவது அரிது. பிறந்த புழு உடனே மண்ணுக்குள் இறங்கிக் கூடாகிவிடும். ஒரு மாதமளவில் ஈயாக வெளியே வரும். அந்தக் கூடுகளிலும் ஒரு ஒழுங்கு இருந்தது. பெண்கள் இரண்டு நாள் முந்தி வெளிவந்துவிடுவார்கள். பிந்திக் கிடப்பவையெல்லாம் ஆண்கள். ஆணையும் பெண்ணையும் பிரிக்க வேறொரு பாடும் பட வேண்டியதில்லை.

ரினோ தன் சான்ட்விச்சைக் கடிக்க மறந்து கையில் வைத்திருந்தார். அன்ரனெற் வாய்விட்டு "ஆண்டவரே" என்றாள்.

அன்று பின்னேரம் அவள் அஜக்ஸுக்குத் திரும்பியபோது எட்வேட் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"இஞ்சேருங்கோ, ஈ பால் குடுக்குதாம்."

"எந்த ஈ?"

"நான் வேலை செய்யிற ஈ."

எட்வேட் கத்தியை வைத்துவிட்டு மனைவியை ஏற இறங்கப் பார்த்தார். "நீர் ஈயைப் பற்றி இவ்வளவு சந்தோசமாய்க் கதைச்சு நான் கேட்டதில்லை" என்றார்.

வேலை தொடங்கியது. செட்சியைக் கனடாவுக்குள் கொண்டுவருவது லேசான காரியமில்லை. அதனால் பல்லி, தவளை வளர்ப்பவர்களுக்குத் தீனியாக ஈ வளர்த்து விற்கும் ஒருவரிடமிருந்து சாதாரண ஈக்களை வாங்கினார்கள். பக்டரியின் பின்பக்கம் ஒரு குளிர் அறை கட்டினார்கள். குளிர் ஏற ஏற ஈக்கள் காலை மடக்கிக்கொண்டு உறங்கிப்போய், ஒரு பிடி உளுந்துபோல அசையாமல் கிடந்தன. அவற்றைப் புனலில் இட்டுத் தட்டில் விழுத்தினால் எள்ளைப்போல விழவேண்டியதுதானே என்று எல்லாரும் நினைத்தார்கள்.

விழுந்தன. ஆனால் அறைக்கு வெளியே சூடேறி அவை எழும்பியபோது பாதிக்கு மேல் பறக்கவில்லை. அன்ரனெற் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். தட்டின் நடுக்கத்தில் கால்கள் ஒடிந்திருந்தன. சிறகுகள் கிழிந்திருந்தன. எள்ளுக்குக் கால் இல்லை என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது.

நடுக்கத்தைக் குறைத்தார்கள்; ஈ கட்டியாகச் சேர்ந்து விழுந்தது. குளிரைக் கூட்டினார்கள், வெளிக்காற்றின் ஈரம் வேர்வைபோலப் படிந்து ஒன்றோடொன்று ஒட்டியது. மிதுனன் காற்றை உலர்த்தி உள்ளே விட ஒரு குழாய் பூட்டினான், ஈரம் நின்றது. நடுங்கும் தட்டையே கழற்றிவிட்டு, மெல்லச் சுழலும் ஒரு உருளையைப் போட்டால் என்ன என்று ரினோ கேட்டார். உருளையில் பள்ளங்கள் வெட்டினார்கள். பள்ளத்தின் விளிம்பில் சிறகு சிக்கியது. அன்ரனெற் விளிம்புகளை மென்மையான நுரையால் மூடினாள். இரண்டு நாளில் நுரை பிய்ந்துபோயிற்று. மிதுனன் வேறொரு பொருள் தேடிக்கொண்டு வந்தான். மாரி முழுவதும் இப்படியே போனது. வெளியே பனி கொட்ட, உள்ளே ஓவர்கோட்டும் கம்பளித் தொப்பியுமாக நின்று, ஈயின் கால் ஒடியாமல் இருக்கவேண்டும் என்று அவள் பாடுபட்டாள்.

ஒருநாள் குளிர் அறையிலிருந்து எடுத்த ஈக்களை மேசையில் கொட்டிவிட்டு அவளும் மிதுனனும் பார்த்திருந்தார்கள். ஒன்று காலை நீட்டியது. இன்னொன்று முகத்தைத் துடைத்தது. அப்படியே ஒன்றன்பின் ஒன்றாக எழும்பி, மேசையில் கிடந்ததெல்லாம் வெளிச்சத்தை நோக்கிப் பறந்துபோனது. ஒன்றிரண்டுதான் மிஞ்சின.

"வேர்க்கிங், அன்ரி!" என்று மிதுனன் கத்தினான்.

"கதவைச் சாத்தும், கதவைச் சாத்தும்" என்று அன்ரனெற் சொன்னாள். ஆனால் அவள் கண் பறந்துபோனவற்றின் மேலேயே இருந்தது.

இயந்திரத்தோடு ஆபிரிக்காவுக்கு மிதுனன்தான் போவதாக இருந்தது. மனைவிக்கு ஏழாம் மாதத்தில் இரத்த அழுத்தம் ஏற, அவனால் அசைய முடியவில்லை. ரினோ அன்ரனெற்றிடம் கேட்டார். அவள் எட்வேட்டிடம் கேட்டாள்.

"பயமாயிருக்கோ?" என்றார் எட்வேட்.

"ஓம்."

"போய்ப் பார்த்திட்டு வாரும். இல்லாட்டி நீர் இஞ்ச இருந்து என்னை நித்திரை கொள்ள விடமாட்டீர்."

அந்தப் பள்ளத்தாக்கை அவள் முதன்முதல் பார்த்தது ஒரு பழைய ஜீப்பின் கண்ணாடிக்குள்ளால். நடுவில் மண்ணிற ஆறு. இரு கரையிலும் இருண்ட பச்சையாக மரங்கள். புல் இடுப்பளவு வளர்ந்து கிடந்தது. இவ்வளவு புல்லிருந்தும் ஒரு மாடும் இல்லை. சனங்களும் மாடுகளும் தூரத்து வறண்ட மேட்டில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். ஆற்றோரத்தில் மட்டும் நீலமும் கறுப்புமான துணித் துண்டுகள் தடிகளில் கட்டித் தொங்கின. செட்சிக்கு நீலம் பிடிக்கும் என்றார் வஞ்சிரு. அந்தத் துணிப் பொறிகளில் விழுவதை எண்ணித்தான் காட்டில் எவ்வளவு மிச்சம் என்று அறிவார்கள்.

மருந்தடிப்பு முடிகிற கட்டத்தில் இருந்தது. மண்ணுக்குள் இருக்கும் கூடுகளை மருந்து தொடாது. அதனால் ஒருமுறை அடித்துவிட்டுக் காத்திருப்பார்கள். மண்ணிலிருந்து வெளிவரும் புதிய பெண்கள் தங்கள் முதற் பிள்ளையைப் போடுவதற்குள் மறுபடி அடிப்பார்கள். இப்படி ஐந்து முறை. நாலு முடிந்து ஐந்தாவது அடித்தால், சில நாளில் காற்றிலிருந்து மருந்து நீங்கியதும் மலட்டு ஆண்களை விடலாம். ஐந்தாவது முறைக்கு விமானம் ஆயத்தமாக நின்றபோது பெருங்காற்று எழும்பியது. காற்றில் மருந்து அடித்தால் அது எங்கேயோ போய் விழும். ஒவ்வொரு நாளும் பொழுதுபடும் நேரத்தில் விமானி வந்து, கையை உயர்த்திப் பார்த்துவிட்டுத் தலையாட்டிக்கொண்டு திரும்பினார்.

இதற்கிடையில் ஆண் ஈக்கள் வந்துசேர்ந்துவிட்டன. கதிர்வீச்சுப் பட்டு, அடையாளத்துக்கு இளஞ்சிவப்புப் பொடி பூசி, நோய் காவாதபடி மருந்து கலந்த இரத்தம் குடித்து, பெட்டி பெட்டியாகக் காத்திருந்தன. ஆயுள் குறுகியவை; பெட்டிக்குள் வைத்திருக்க வைத்திருக்க வலு குறையும். தலைநகரிலிருந்து வந்திருந்த பெரிய அதிகாரி ஒருவர், ஆக்கள் எல்லாம் கூடியிருக்கிறார்கள், இன்றைக்கு ஈயை விடுங்கள், மருந்தைப் பிறகு அடிக்கலாம் என்றார்.

வஞ்சிரு மறுத்தார். மருந்துக்கு யார் மாப்பிள்ளை, யார் எதிரி என்று தெரியாது என்றார். இன்று விட்டால் நாளை அடிக்கும் மருந்தில் நாங்கள் அனுப்பியவைதான் முதலில் விழும். மருந்தை விட்டுவிட்டால் இப்போது மண்ணிலிருந்து வருகிறவை பெற்றுவிடும். முந்தின நாலும் வீண். அதிகாரி முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார். அந்தத் தொகுதி முழுவதும் கைவிடப்பட்டது.

அடுக்கிக் கிடந்த பெட்டிகளை அன்ரனெற் பார்த்துக்கொண்டு நின்றாள். வளர்த்த கைகள் எத்தனை, ஊட்டிய இரத்தம் எவ்வளவு என்று நினைத்தாள். பிறகு ஒரு எண்ணம் வந்தது. "இவற்றை எனக்குத் தரமுடியுமா?" என்று வஞ்சிருவிடம் கேட்டாள். வலையடித்த கூடத்துக்குள் இயந்திரத்தை வைத்து, உண்மையான செட்சியை முதன்முதல் அதன் புனலில் இட்டாள்.

இயந்திரம் அடைத்துக்கொண்டது.

மார்க்கத்தில் பழகிய ஈயைவிட இவை பெரியவை. முகத்துக்கு முன்னால் ஊசிபோல நீண்டிருந்த குழல்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு புனலின் கழுத்தில் பாலம்போல நின்றன. அன்ரனெற் மிதுனனை வீடியோவில் அழைத்தாள். அவன் ஆஸ்பத்திரி நடையில் நின்றான். தலைமயிர் கலைந்து, கண் சிவந்து, சிரித்துக்கொண்டிருந்தான்.

"அன்ரி, மகள்! கொஞ்சம் முந்தித்தான். சின்னவள்தான், ஆனால் சுகம். ரெண்டுபேரும் சுகம்."

"ஆண்டவருக்குத் தோத்திரம்! போம், போய்ப் பிள்ளையைப் பாரும். நான் பிறகு எடுக்கிறன்."

"இல்லையில்லை, காட்டுங்கோ. என்ன பிழைச்சது?"

அவள் காட்டினாள். ஒரு நிமிடம் அவன் எஞ்சினியர், அடுத்த நிமிடம் தாதி கூப்பிட ஓடிப்போனான், மறுபடி வந்தான். கழுத்தை அகலமாக்க வேணும், உருளையின் வேகத்தைக் குறைக்க வேணும் என்றான். அகலமாக்கினால் கட்டியாக விழுமே என்றாள் அவள். இரண்டுபேரும் மாறி மாறி யோசித்து, கழுத்தில் மெல்ல அசையும் ஒரு நாக்கை வைப்பதென்று முடிவானது. அவள் அங்கே கிடந்த ஒரு பிளாஸ்ரிக் பேசினை வெட்டி அதைச் செய்தாள். முதல் நாக்கு உடைந்தது. இரண்டாவது வளைந்தது. மூன்றாவது நின்றது. கைவிடப்பட்ட அந்த ஈக்கள் அசைவதை நிறுத்தும்வரை அவற்றை விட்டு விட்டுப் பார்த்து, உருளையின் வேகத்தை மயிரிழை மயிரிழையாகச் சரிசெய்தாள். காற்று மட்டும் அன்றைக்கு எழும்பாமல் இருந்திருந்தால், ஆகாயத்தில் போய்த்தான் இயந்திரம் அடைத்திருக்கும்.

ஒரு பின்னேரம் மர இலைகள் அசையாமல் நின்றன. விமானம் எழும்பியது. மரத்தலைகளை உரசுவதுபோலப் பதியப் பறந்து, பின்னால் ஒரு மெல்லிய வெண்மையை விட்டுக்கொண்டு ஆற்றின் வளைவுகளோடு போய் வந்தது. அது மரங்களுக்குள் இறங்கி ஒன்றுமில்லாமல் மறைந்தது. அடுத்த நாட்களில் நீலத் துணிப் பொறிகளைப் பார்க்கப் போனவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். ஒன்றிரண்டு பொறியில் மட்டும் ஒவ்வொரு ஈ. தப்பியவை இருக்கின்றன, எங்கே என்று யாருக்கும் தெரியாது.

காற்றிலிருந்து மருந்து நீங்கியதும் ஆண் ஈக்களின் புதுத் தொகுதி வந்தது. அந்தக் காலையில் வஞ்சிரு அன்ரனெற்றை ஆற்றுக்கு மேலே துருத்திக்கொண்டிருந்த ஒரு பாறைக்குக் கூட்டிப்போனார். விமானம் சூரியன் பக்கமிருந்து வந்தது. உள்ளே அவளுடைய உருளை சுழல்கிறது என்று அவளுக்குத் தெரியும். மனதுக்குள் ஒரு 'அருள்நிறைந்த மரியே' செபம் சொல்லத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டாள்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வெயிலில் தூசிபோல ஏதோ மின்னியது. இளஞ்சிவப்பாக, பரந்து, இறங்கி வந்தது. அவை கற்களைப்போல விழுந்தன. கால் மடக்கி, சிறகு மூடி, உறக்கத்திலேயே விழுந்தன. பள்ளத்தாக்கின் இளஞ்சூட்டுக் காற்று அவற்றைத் தொட்டது. அவள் தலைக்கு மேலே கொஞ்ச உயரத்தில் ஒரு புள்ளி சட்டென்று விழுவதை நிறுத்தி, பக்கவாட்டில் போனது. பிறகு இன்னொன்று. பிறகு எங்கும். விழுந்துகொண்டிருந்த மழை நடு ஆகாயத்தில் விழித்து, மழையாக இருப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொன்றும் தன் தன் வழியில் பறக்கத் தொடங்கியது. நிலத்தில் ஒன்றுகூட வந்து விழுந்ததாக அவள் காணவில்லை. அவை மரங்களை நோக்கிப் போயின. இருண்ட பச்சைக்குள், மருந்தும் மனிதக் கண்ணும் எட்டாத இடங்களுக்குள், வழி கேளாமல் போயின.

அன்ரனெற் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். படைப்பு என்ற சொல்லைப் பூசையில் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறாள். அதன் கனம் இவ்வளவு என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஒரு ஈ அவளுடைய முன்கையில் வந்து இருந்தது. முதுகில் இளஞ்சிவப்புப் பொடி. சிறகுகளைக் கத்தரிக்கோல்போல மடித்தது. அவளுடைய மற்றக் கை தன்பாட்டில் ஓங்கியது, ஓங்கியபடியே நின்றது. ஊசி ஏற்றியதுபோல ஒரு வலி. "தட்டிவிடுங்கள்" என்றார் வஞ்சிரு சிரித்துக்கொண்டு. "நோய் இல்லை, ஆனால் வலிக்கும்." அன்ரனெற் தட்டவில்லை. அதன் வயிறு சிவந்து உப்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குடித்து முடித்து, கனத்த உடம்போடு எழும்பி, ஆற்றுப் பக்கமாகப் போயிற்று.

"போ, ராசா" என்றாள் தமிழில்.

அவள் கனடா திரும்பிய பிறகும் அந்த விமானம் கிழமைக்குக் கிழமை பறந்தது. மழைக்காலம் போய், வெயில் வந்து, மறுபடி மழை வந்தது. மார்க்கத்தில் பழையபடி எள்ளுத் தட்டுகள். இடையிடையே இயந்திரத்துக்கு ஒரு உதிரிப்பாகம். மிதுனனின் மகள் நடக்கத் தொடங்கினாள். பொறிகளில் பொடி பூசிய ஈக்களே விழுகின்றன, பொடியில்லாத காட்டு ஈ வரவர அருகுகிறது என்று வஞ்சிரு இடைக்கிடை போனில் சொல்வார்.

மூன்றாம் வருடம் வஞ்சிரு ஒரு மாநாட்டுக்கு ரொறன்ரோ வந்தார். சனிக்கிழமை 'கோ' என்ற புறநகர் ட்ரெயினில் அஜக்ஸுக்கு வர, எட்வேட் போய் ஏற்றிக்கொண்டு வந்தார். அன்ரனெற் புட்டும் மீன் குழம்பும் கணவாய்ப் பொரியலும் செய்திருந்தாள். சாப்பாட்டு மேசையில் இருந்து வஞ்சிரு அந்தக் கதையைச் சொன்னார்.

போன வருடம் ஒரு பொறியில் பொடியில்லாத பெண் ஈ ஒன்று விழுந்தது. சிறகு ஓரமெல்லாம் நார்நாராகக் கிழிந்திருந்தது, வெகுநாள் வாழ்ந்ததற்கு அடையாளம். அதை வெட்டி நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தார்கள். அது ஒரு ஆணோடு சேர்ந்திருந்தது. ஆனால் வயிற்றில் பிள்ளை வளரவில்லை. முட்டை தொடக்கத்திலேயே கருகியிருந்தது.

"எங்கள் ஆண் ஒன்று அதைத் தேடிப் போயிருக்கிறது" என்றார் வஞ்சிரு. "அவ்வளவு பெரிய காட்டில். நாங்கள் ஆயிரம் பேர் தேடியிருந்தாலும் கண்டிருக்க மாட்டோம்." அதற்குப் பிறகு காட்டு ஈ ஒன்றும் பொறியில் விழவில்லை. அதுதான் கடைசி என்று சொல்லத் தனக்குத் துணிவில்லை என்றும், இன்னும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் சொன்னார். இனிச் சனங்கள் ஆற்றோர மரங்களை வெட்டிவிடுவார்களோ என்பதுதான் தன்னுடைய புதுப் பயம் என்றார்.

அன்ரனெற் கரண்டியைக் கீழே வைத்தாள். மூன்றுபேருக்கும் விளங்க ஆங்கிலத்தில்தான் கேட்டாள். "பிள்ளை வராதென்று அந்தப் பெண் ஈக்குத் தெரிந்திருக்குமா?"

வஞ்சிரு இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினார். எனக்குத் தெரியாது என்றாரா, அதற்குத் தெரியாது என்றாரா என்பது விளங்கவில்லை. அன்ரனெற் மறுபடி கேட்கவில்லை.

வஞ்சிரு போனை எடுத்து ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினார். அதே ஆறு. அதே இடுப்பளவு புல். புல்லுக்குள் மாடுகள், முதுகு மட்டும் தெரிய, அவசரமில்லாமல் மேய்ந்துகொண்டிருந்தன. கரையில் ஒரு பெண் குந்தியிருந்து பால் கறந்தாள். பால் பாத்திரத்தில் விழும் சத்தம் அஜக்ஸின் அந்தச் சாப்பாட்டு அறையில் தெளிவாகக் கேட்டது.

"குழம்பு ஆறுது" என்றார் எட்வேட் மெதுவாக.

"பொறுங்கோ" என்று சொல்லிவிட்டு, அன்ரனெற் போனைக் கையில் வாங்கி இன்னொரு தரம் முதலிலிருந்து போட்டாள்.